கைகோத்து நடக்கும் இருவர்

பேருந்து நிலையத்தில் ஒரு புதிர்

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில், கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைமேல் ஏறி வெள்ளிமலைக்குப் போகும் வண்டி வந்து நிற்கும் இடத்தில், எந்த நாளிலாயினும் ஒரு கால்மணி நேரம் நின்று கவனிப்பவர் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பார். இளைஞர் இருவர் சுண்டுவிரலோடு சுண்டுவிரல் கோத்தபடி நடந்து போவார்கள். மரவள்ளி மூட்டைமேல் அமர்ந்திருக்கும் ஒருவன் மடியில் மற்றொருவன் தலைவைத்துப் படுத்திருப்பான். கைப்பேசியில் எதையோ பார்த்துச் சிரிக்கும் நால்வரில் ஒருவன் இன்னொருவன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருப்பான். இவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆணும் ஆணும் கைகோப்பது நம் நாட்டில் சிநேகத்தின் சாதாரண அடையாளம். ஆணும் பெண்ணும் அப்படிக் கைகோத்து நடந்தால்தான் நாலு பேர் பார்வை அவர்கள்மேல் விழும்.

இப்பொழுது அந்த இருவரையும் பார்த்துக்கொண்டிருக்கும் நடுவயதுக்காரர் ஒருவரின் காதில், "அவங்க ரெண்டு பேரும் சிநேகிதங்க இல்லைங்க, புருஷன் பெண்டாட்டி மாதிரி" என்று யாரோ மெல்லச் சொல்லிவிட்டுப் போவதாக வைத்துக்கொள்வோம். அவருடைய முகத்தை உற்றுப் பாருங்கள். மேலுதடு சற்றே உயரும். மூக்கின் இருபுறமும் சுருக்கம் விழும். தலை அரை அங்குலமேனும் பின்வாங்கும். "சீ" என்ற ஒலி வெளிவந்தாலும் வராவிட்டாலும் அதற்குரிய வடிவத்தை வாய் அடைந்துவிடும். ஆனால் அவர் கண்ணுக்குள் சென்ற ஒளியில் அணுவளவு மாற்றமும் நேரவில்லை. அதே இரண்டு விரல்கள், அதே சட்டைகள், அதே நடை. மாறியது ஒரு வாக்கியத்தின் அர்த்தம் மட்டுமே. அர்த்தம் என்னும் உருவமற்ற ஒன்று ஒரு மனிதனின் மூக்கையும் வயிற்றையும் எவ்வாறு சென்று தொடுகிறது? பெண்ணை விரும்பும் ஆண்களில் பலருக்கு, ஆணை விரும்பும் ஆணின் அன்பைக் கண்டவுடன் உடம்பே முந்திக்கொண்டு முகம் சுளிப்பது ஏன்? இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியைப் பற்றியது.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஆண் ஆணையும், பெண் பெண்ணையும் விரும்பும் இயல்பைத் தன்பாலீர்ப்பு என்கிறோம். அத்தகையோர்மேல் மற்றவர் கொள்ளும் வெறுப்புக்கு, அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் வைன்பர்க் 1972இல் வெளியிட்ட தம் நூலில் அச்சம் என்று பொருள்படும் ஒரு பெயரை வழங்கிப் பிரசித்தமாக்கினார். பாம்பைக் கண்டு நடுங்குவது போன்றதன்று இது, சாதியையும் நிறத்தையும் பற்றிய துவேஷங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பின்னர் வாதிட்ட கிரெகரி ஹெரெக் என்னும் உளவியலாளர், அதைப் பாலியல் தப்பெண்ணம் என்று அழைக்க வேண்டும் என்றார். அச்சம் என்றால் அது ஒருவரின் நோய் ஆகிவிடுகிறது. தப்பெண்ணம் என்றாலோ அது ஒரு சமுதாயம் கற்றுக்கொடுத்து, ஒரு மனிதன் கற்றுக்கொண்ட பாடம் ஆகிறது. பின்னது உண்மைக்கு அருகில் இருப்பதால் இங்கே அதையே கையாளுகிறேன்.

நாவின் காவலாளி

அருவருப்பு என்பது ஆதியில் வாயைக் காக்க வந்த உணர்ச்சி. அழுகியதையும் புழுத்ததையும் விழுங்கிவிடாமல் தடுப்பதே அதன் முதல் உத்தியோகம். ஆகையால்தான் முகம் சுளிக்கும்போது நாக்கு வெளியே தள்ளுகிறது, மூக்கு தன்னை மூடிக்கொள்ள முயல்கிறது. ஆனால் இந்தக் காவலாளிக்குப் பிறவியிலேயே தெரிந்தவை வெகு சில; மற்றவையெல்லாம் வீட்டாரும் ஊராரும் சொல்லிக்கொடுத்தவை. கைக்குழந்தை எதையும் வாயில் போட்டுக்கொள்கிறது. அதன் தாய் "சீச்சீ" என்று சொல்லும் முகத்தைப் பார்த்துப் பார்த்தே அது சீயென்பதைக் கற்கிறது.

சார்லஸ் டார்வின் 1872இல் உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பற்றி எழுதிய நூலில் ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறார். தென்னமெரிக்காவின் தென்கோடியிலுள்ள டியரா டெல் ஃபியூகோவில் அவர் பதப்படுத்திய குளிர்ந்த இறைச்சியைத் தின்றுகொண்டிருந்தபோது, அந்நாட்டு மனிதன் ஒருவன் அதை விரலால் தொட்டுப்பார்த்து, அதன் மெதுமெதுப்பைக் கண்டு அருவருத்தான்; அவன் விரல் பட்டதே என்று டார்வின் அருவருத்தார், அவன் கை அழுக்காய் இருந்ததாகத் தமக்குத் தோன்றாதபோதும். ஓர் இறைச்சித் துண்டு, இரண்டு அருவருப்புகள். இரண்டுக்கும் இறைச்சியில் காரணம் இல்லை. தம் முகம் ஏன் சுளித்தது என்பதையும் அவன் முகம் ஏன் சுளித்தது என்பதையும் ஒரே தராசில் வைத்து எழுதிய அந்த நேர்மைக்காக டார்வின்பால் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

இதற்காக அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். முதல் மழை பெய்து ஓய்ந்த மாலையில் புற்றிலிருந்து ஈசல் புறப்படுவதை நம் பக்கத்துக் கிராமத்தார் அறிவார்கள். விளக்கு வைத்துப் பிடித்து, இறகு புடைத்து, அரிசியோடு வறுத்துத் தின்றால் அதன் ருசியை மறக்க மாட்டோம் என்பவர்கள் எத்தனையோ பேர். அதே ஈசலைத் தட்டில் வைத்துக் கொடுத்தால் பட்டணத்தில் வளர்ந்த அவர்களுடைய பேரப்பிள்ளை எழுந்து ஓடுவான். பாட்டனின் நாக்கும் பேரனின் நாக்கும் ஒரே சதையால் ஆனவை; இடையில் மாறியது பழக்கம் ஒன்றே.

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பால் ரோசின் என்பவர் இந்த உணர்ச்சியை ஆயுட்காலம் முழுவதும் ஆராய்ந்தவர். கிருமி நீக்கிய செத்த கரப்பான் பூச்சி ஒன்றைப் பழரசத்தில் ஒரு கணம் தோய்த்து எடுத்துவிட்டுக் குடிக்கச் சொன்னார். அதில் தீங்கு எதுவுமில்லை என்று நன்றாகத் தெரிந்தும் பலர் தயங்கினர். நல்ல மிட்டாயை நாய் மலத்தின் வடிவில் செய்து கொடுத்தபோது, மிட்டாய் என்று தெரிந்தும் அதை வாயில் வைக்கக் கை கூசியது. புத்தி "இது சுத்தம்" என்கிறது; உடம்போ "எனக்குத் தெரியும், எடு அப்பால்" என்கிறது. தெரிந்த உண்மைக்கும் உணர்ந்த அருவருப்புக்கும் நடுவே உள்ள இந்தப் பிளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் பரிசோதனை அந்தப் பிளவில்தான் நடக்கிறது.

உமிழ்நீர் சொன்ன சாட்சி

ஒருவனுக்குத் தப்பெண்ணம் உண்டா என்று அவனையே கேட்டால், நல்லவனாகத் தோன்ற வேண்டும் என்ற ஆசையால் அவன் மறைக்கலாம். தனக்கே தெரியாமலும் இருக்கலாம். ஆகையால் ஆராய்ச்சியாளர்கள் பொய் சொல்லத் தெரியாத சாட்சிகளைத் தேடினார்கள். அவற்றுள் ஒன்று உமிழ்நீர்.

ஒரு பிடி சோற்றை வாயிலிட்டு விழுங்காமல் நெடுநேரம் மென்றால் அது இனிக்கத் தொடங்கும் என்பதைப் பள்ளிப்பிள்ளைகளும் அறிவார்கள். மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கும் அமைலேஸ் என்ற நொதி உமிழ்நீரில் இருப்பதே அதற்குக் காரணம். இந்த நொதிக்கு இன்னொரு குணமும் உண்டு. நாய் துரத்தும்போதும், மேடையேறும்போதும், காணச் சகிக்காததைக் காணும்போதும் நம் விருப்பத்தைக் கேட்காமலே விழித்துக்கொண்டு இதயத்தை விரட்டுகிற பரிவு நரம்பு மண்டலம், அதே வேளையில் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் தட்டி எழுப்புகிறது. அப்போது இந்த நொதி மிகுதியாகச் சுரக்கிறது. ஆகவே, ஒரு காட்சியைக் காண்பதற்கு முன்னும் பின்னும் ஒருவனுடைய உமிழ்நீரை எடுத்து அளந்தால், அந்தக் காட்சி அவன் உள்ளே எவ்வளவு கலக்கத்தை எழுப்பிற்று என்பதை அவன் வாய்ச்சொல்லின் உதவியின்றியே அறியலாம்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகரத்தில் ஓஹேண்ட்லி, பிளேர், ஹாஸ்கின் என்ற மூன்று ஆய்வாளர்கள் இப்படித்தான் செய்தார்கள். 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெண்களையே விரும்புவதாகச் சொன்ன 120 ஆண்களை அழைத்து, படத்தொடர்களைக் காட்டினார்கள். ஆணும் பெண்ணும் அன்பு காட்டும் படங்கள் ஒரு தொடரில்; ஆணும் ஆணும் முத்தமிடும் படங்கள் வேறொன்றில்; மனத்தில் எந்தச் சலனத்தையும் எழுப்பாத காகித ஊக்கு போன்ற பண்டங்கள் பிறிதொன்றில்; வாளி நிறைய நெளியும் புழுக்கள் போல யாருக்கும் குமட்டக்கூடிய படங்கள் மற்றொன்றில். தொடர்களைக் காட்டும்போது உமிழ்நீரைச் சேகரித்தார்கள். அவரவருடைய அபிப்பிராயங்களை வினாத்தாள் மூலமும் கேட்டறிந்தார்கள்.

கிடைத்த விடை இதுதான்: இரு ஆண்கள் முத்தமிடுவதைப் பார்த்தபோது சுரந்த நொதிக்கும், புழு நிறைந்த வாளியைப் பார்த்தபோது சுரந்த நொதிக்கும் வேறுபாடு காண முடியவில்லை; இரண்டும் காகித ஊக்கைப் பார்த்தபோது இருந்ததைவிட அதிகம்.

வாசக நேயரே, இந்த வரியோடு நிறுத்திவிட்டால் இதைவிட விபரீதமான அறிவியல் பாடம் வேறொன்று இராது. "பார்த்தீர்களா, அருவருப்பு இயற்கையே, உடம்பே சொல்லிவிட்டது" என்று ஒருவர் எழுந்து நிற்பார். எனவே பொறுமையாக அடுத்த வரியையும் படிக்க வேண்டும். வினாத்தாளில் தன்பாலீர்ப்பாளர்மேல் கடும் வெறுப்பைக் காட்டியவர்களிடம் மட்டும் இந்த மாறுதல் நிகழ்ந்திருக்குமானால், அது வெறுப்பின் அடையாளம் என்று முடித்துவிடலாம். அப்படி நிகழவில்லை. "அவர்களும் நம்மைப்போல் மனிதர்கள்தாம், எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை" என்று மனமாரச் சொன்னவர்களின் உமிழ்நீரும் அதே திசையில்தான் சென்றது. எண்ணத்தால் நல்லவர்களாகிவிட்டவர்களின் உடம்பில்கூடப் பழைய பாடத்தின் தடம் அழியாமல் இருக்கிறது. ரோசினின் பழரசக் கிண்ணத்தின் முன் நின்றவர்களைப் போலவே இவர்களும் நின்றார்கள்.

மேலும் ஒரு எச்சரிக்கை. உமிழ்நீர் அளவைச் சொல்லும், பெயரைச் சொல்லாது. எழுந்த கலக்கம் அருவருப்பாக இருக்கலாம், பதற்றமாக இருக்கலாம், "இதைப் பார்த்து நான் எப்படி நடந்துகொள்கிறேன் என்று இவர்கள் கவனிக்கிறார்களே" என்ற கூச்சமாக இருக்கலாம், ஒருபோதும் காணாத ஒன்றைக் கண்ட வெறும் புதுமையாகவும் இருக்கலாம். திரைப்படத்திலும் விளம்பரத்திலும் ஆண் பெண் முத்தத்தை ஆயிரம் முறை பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, இரு ஆண்களின் முத்தம் அன்றுதான் முதன்முதல் எதிர்ப்பட்டிருக்கக் கூடும். ஒரே ஒரு ஊரில் 120 பேரிடம் நடந்த இந்த ஆய்வை மானிட இயல்பின் சாசனமாக எடுத்துக்கொள்வது தகாது.

அதைவிட முக்கியமான ஒன்றை அந்த ஆய்வாளர்கள் உணர்ந்திருந்தார்கள். தன்பாலீர்ப்பாளர் ஒருவரைத் தாக்கியவன் அல்லது கொன்றவன், "அவன் என்னை நெருங்கியதும் எனக்கு ஏற்பட்ட அருவருப்பில் நான் என் வசத்தில் இல்லை" என்று நீதிமன்றத்தில் சொல்லித் தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் இருந்து வந்தது. 2014இல் கலிஃபோர்னியா மாநிலம் முதன்முதலாக அந்த வாதத்துக்குச் சட்டத்தால் கதவடைத்தது. உமிழ்நீர்ப் பரிசோதனை அந்த வாதத்தின் வேரையே அசைக்கிறது. உள்ளக்கலக்கம் எல்லாரிடமும் பொதுவாக எழுகிறது என்றால், அடிப்பவன் அடிப்பதற்கு அது காரணமாகாது. அந்த அறையில் இருந்த யாரும் யார்மேலும் கை ஓங்கவில்லை. சுரப்பியில் ஊறுவதற்கும் கை ஓங்குவதற்கும் இடையே ஒரு முழு மனிதன் நிற்கிறான்.

மறைந்த ஆசையா, நடுங்கும் ஆண்மையா?

"மிக அதிகமாக வெறுப்பவன் உள்ளுக்குள் அதையே விரும்புகிறான்" என்று படித்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதற்கு 1996இல் ஜார்ஜியாப் பல்கலைக்கழகத்தில் ஆடம்ஸ் முதலானோர் 64 ஆண்களைக் கொண்டு நடத்திய ஆய்வையே ஆதாரமாகக் காட்டுவார்கள். வெறுப்பு மிகுந்தவர்களின் உடம்பில், ஆண்கள் இருவர் கூடும் காட்சியின்போது கிளர்ச்சிக்குரிய மாறுதல் தெரிந்தது என்பது அதன் முடிவு. அச்சமும் பதற்றமும் கூட அத்தகைய மாறுதலை உண்டாக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். பின்னர் வேறு முறையில் ஆராய்ந்தவர்கள் ஆசையைவிட வெறுப்பே அங்கு இருப்பதாகக் கண்டதும் உண்டு. என் மட்டில் இந்த விளக்கத்தில் ஓர் அநீதியும் இருக்கிறது: அடிபட்டவனும் அந்தக் கூட்டத்தான், அடித்தவனும் மறைமுகமாய் அந்தக் கூட்டத்தானே என்று சொல்லி, மற்ற எல்லாரையும் அது பொறுப்பிலிருந்து விடுவித்துவிடுகிறது. சிலரிடம் அது உண்மையாகவே இருக்கலாம். பொது விளக்கமாக அது போதாது.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மைதானத்தில் வேறொரு விளக்கம் கிடைக்கும். அழுத பையனுக்கும், பந்துக்குப் பயந்த பையனுக்கும், கை வீசி நடக்கும் பையனுக்கும் "ஒம்போது" என்ற ஒரே வசவுதான். அந்த வசவைக் கேட்ட பையன் வீடு போய்க் கண்ணாடி முன் தன் நடையைத் திருத்திக்கொள்கிறான். கேட்காத பையன்களும் தங்கள்மேல் அது விழாதபடி முன்னெச்சரிக்கையாக அதை இன்னொருவன்மேல் எறியக் கற்றுக்கொள்கிறார்கள். பெண்மை பருவத்தால் தானே வருவதாகவும், ஆண்மையோ சம்பாதிக்க வேண்டியது, சம்பாதித்த பின்னும் பறிபோகக்கூடியது என்பதாகவும் பல சமுதாயங்கள் நினைக்கின்றன என்பதைத் தென் ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாண்டெல்லோவும் பாஸனும் 2008 முதல் வெளியிட்ட கட்டுரைகளில் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் செய்த ஒரு சோதனை எளிமையானது. ஆண்களில் சிலரைப் பொம்மைத் தலையில் கூந்தலைச் சடை பின்னச் சொன்னார்கள். சிலரைக் கயிறு திரிக்கச் சொன்னார்கள். விரல்களுக்கு இரண்டும் ஒரே வேலைதான். பிறகு, குத்துப்பையைக் குத்துவதா, புதிர் ஒன்றை அவிழ்ப்பதா, எது வேண்டும் என்று கேட்டபோது, சடை பின்னியவர்களே குத்துப்பையை அதிகமாக நாடினார்கள். கயிற்றுக்கும் சடைக்கும் உள்ள வேற்றுமை நூலில் இல்லை, அர்த்தத்தில் இருக்கிறது. பேருந்து நிலையத்தில் நாம் கண்ட இரண்டு சுண்டுவிரல்களின் கதையும் இதுவே.

முகம் சுளித்த அந்த நடுவயதுக்காரரின் "சீ" என்ற ஒலியில் ஒரு பாதி, எதிரே நடக்கும் இருவரை நோக்கியதன்று. அருகில் நின்று தம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற ஆண்களுக்கு "நான் அப்படிப்பட்டவன் அல்லன்" என்று அவர் சமர்ப்பிக்கும் வாக்குமூலம் அது.

கூவாகத்தில் ஓர் இரவு

மேற்கே கல்வராயன் மலை நிற்கும் இதே மாவட்டத்தின் கிழக்கு எல்லைப் பக்கம், உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகில், கூவாகம் என்ற ஊரும் இருக்கிறது. 2019இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை அது விழுப்புரத்தைச் சேர்ந்தது. அங்குள்ள கூத்தாண்டவர் கோயிலில் சித்திரை மாதத்தில் நடக்கும் திருவிழாவுக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் திருநங்கைகள் வருவதை யாவரும் அறிவர். கூத்தாண்டவர் என்பவர் அருச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த அரவான். பாரதப் போரில் பாண்டவர் வெற்றிக்காகத் தன்னைக் களப்பலியாகக் கொடுக்க இசைந்த அவன், சாவதற்குமுன் மணம் புரிய விரும்பினான். மறுநாள் சாகப்போகிறவனுக்கு வாழ்க்கைப்பட எந்தப் பெண்ணும் வராததால் கண்ணனே மோகினியாகி அவனை மணந்தான் என்பது அங்கு வழங்கும் கதை. திருநங்கைகள் அந்த மோகினியாகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அரவான் பலியானதும் தாலியை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளை உடுத்தி அழுகிறார்கள்.

பத்திரிகைகளின் படங்களில் அதிகம் இடம்பெறாத ஒரு செய்தி இதில் உண்டு. திருநங்கைகளோடு, சுற்றுவட்டாரத்துக் கிராமங்களின் ஆண்களும் நேர்த்திக்கடனாக அதே சாமிக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். இவர்கள் மனைவி மக்களோடு வாழும் குடியானவர்கள். திரௌபதி வழிபாட்டை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். ஓர் ஆண் இன்னோர் ஆண்தெய்வத்தின் மனைவியாக ஒரு பகலும் ஓர் இரவும் இருக்கிறான்; அவன் மனைவியும் தாயும் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்; ஒருவர் முகமும் சுளிப்பதில்லை; அவனுடைய ஆண்மைக்கு ஒரு குறைவும் நேர்ந்ததாக ஊர் எண்ணுவதில்லை. சித்திரை கழிந்து ஆனி பிறந்தபின் அதே மனிதன், பக்கத்துத் தெருப் பிள்ளை ஒருவன் இன்னொருவனோடு வாழ்கிறான் என்று கேள்விப்பட்டால் காறித் துப்பவும் கூடும்.

இவனைக் கபடன் என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இரண்டு சமயங்களிலும் அவன் உடம்பு நேர்மையாகவே நடந்துகொள்கிறது. தனக்குக் கற்பிக்கப்பட்ட அர்த்தத்துக்குத் தக்கபடி நடந்துகொள்கிறது. ஓர் அர்த்தத்தின் கீழ்ப் பக்தியாகிற செயல் வேறோர் அர்த்தத்தின் கீழ் அசுத்தமாகிறது என்பதற்கு, ஆய்வுக்கூடத்தில் எவ்வளவு பொருட்செலவு செய்தாலும் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆயினும் கூவாகத்தைக் காட்டி நம் நாட்டுக்குத் தப்பெண்ணமே இல்லை என்று பெருமை பேசுவது உண்மையாகாது. திருநங்கையின் விஷயம் வேறு, தன்பாலீர்ப்புடைய ஆணின் விஷயம் வேறு: முன்னவர் தம்மைப் பெண் என்று அறிபவர், பின்னவர் தம்மை ஆண் என்றே அறிந்து ஆணை விரும்புபவர். கோயில் முன்னவருக்கு ஆண்டில் சில நாட்கள் இடம் கொடுத்தது. விழா முடிந்து ஊர் திரும்பும் திருநங்கைக்கு வாடகைக்கு வீடு கொடுக்க மறுப்பவர்களும் விழாவுக்கு வந்து கும்பிட்டவர்களிடையே இருக்கிறார்கள். பின்னவருக்கோ அந்தச் சில நாட்களும் இல்லை.

நீதிபதி கற்ற பாடம்

ஆங்கிலேயர் 1860இல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, இயற்கைக்கு மாறானது என்று தான் கருதிய சேர்க்கையைக் குற்றமாக்கியது. ஒத்த மனமுடைய வயதுவந்தோர் இடையே அது குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. ஆனால் சட்டப் புத்தகத்தில் ஒரு பிரிவை நீக்குவதைப்போல் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து ஒரு பாடத்தை நீக்க முடியாது. அதற்கு வேறு வழி வேண்டும். அந்த வழியில் ஒருவர் பகிரங்கமாக நடந்து காட்டியது நம் தமிழ்நாட்டில்தான்.

மதுரையைச் சேர்ந்த இளம்பெண்கள் இருவர், ஒருவரையொருவர் நேசித்தவர்கள், குடும்பத்தாரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்து, பாதுகாப்பு வேண்டி 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். வழக்கு நீதிபதி ந. ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. இந்த விஷயத்தில் தமக்கே முழுத் தெளிவு இல்லை, சமூகத்தில் பெரும்பாலோருக்கு உள்ள முன்முடிவுகள் தமக்கும் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. தீர்ப்பின் சொற்கள் தலையிலிருந்து மட்டும் வராமல் இதயத்திலிருந்து வரவேண்டும் என்று விரும்பி, ஓர் உளவியலாளரிடம் தாமே சென்று அமர்ந்து பாடம் கேட்டார். தன்பாலீர்ப்பாளரையும் திருநரையும் சந்தித்து உரையாடினார். 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த ஆணையில், இதை நோயாகக் கருதி மாற்ற முயலும் சிகிச்சைகளைத் தடை செய்தார். வயதுவந்த இருவர் மனமொத்து வீட்டைவிட்டு வந்திருந்தால், காணாமற்போனவர் என்று கொடுக்கப்படும் புகாரை விசாரித்து முடித்துவிட வேண்டும் என்று காவல்துறைக்கு உத்தரவிட்டார். அவருடைய முயற்சியின் தொடர்ச்சியாக, இவர்களைக் குறிக்க வசவுகளை விடுத்து வழங்க வேண்டிய கண்ணியமான சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது.

உமிழ்நீர் ஆய்வு நமக்குக் காட்டிய பிளவை நினைத்துக்கொண்டு இதைப் பாருங்கள். உள்ளே எழும் தயக்கத்தை இல்லை என்று சாதிக்காமலும், அதையே நீதியின் குரலாக எடுத்துக்கொள்ளாமலும், இது எங்கிருந்து வந்தது என்று விசாரித்த மனிதர் அவர். அந்த விசாரணையை நீதிமன்ற ஆவணத்திலேயே எழுதி வைத்த துணிவை நான் மிகவும் பெரிதாக மதிக்கிறேன்.

பத்து நிமிடப் பேச்சு

பழக்கத்தால் வந்தது பழக்கத்தால் போகுமா? 1954இல் கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர், சமமான நிலையில் நேருக்கு நேர் பழகுவதே தப்பெண்ணத்தைக் கரைக்கும் என்று எழுதினார். அரை நூற்றாண்டுக்குப் பின் பெட்டிக்ரூவும் டிராப்பும் அதைப் பற்றிய 515 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்து, பழகப் பழகத் தப்பெண்ணம் பொதுவாகக் குறைகிறது என்று கண்டார்கள். மயாமி நகரத்தில் புரூக்மன், கல்லா என்ற இருவர் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வோ இன்னும் நம்பிக்கையூட்டுவது: வீடு வீடாகச் சென்றவர்கள் வாதம் செய்யாமல், "உங்களைப் பிறர் தப்பாக எடைபோட்ட ஒரு சமயத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டு, ஏறக்குறையப் பத்து நிமிடம் செவிசாய்த்தார்கள்; பாலினம் மாறியவர்களைப் பற்றிய மனப்பான்மையில் அந்தப் பேச்சு உண்டாக்கிய நல்ல மாறுதல் மூன்று மாதங்களுக்குப் பிறகும் நிலைத்திருந்தது.

ஆனால் வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் இந்த மருந்தைக் கொடுப்பதில் ஒரு பெரிய சங்கடம் இருக்கிறது. பழகினால் வெறுப்பு குறையும். பழகுவதற்கு அவர் இன்னார் என்று தெரிய வேண்டும். தெரியவந்தால் வீடும் ஊரும் என்ன செய்யும் என்று அஞ்சி அவர் சொல்லுவதில்லை. சொல்லாததால், அப்படிப்பட்டவர் யாரும் எங்கள் ஊரில் இல்லை என்று ஊர் நம்புகிறது. மலையடிவாரத்துக் கல்லூரிக்குப் போய்வரும் ஒரு பிள்ளைக்கு, தன்னைப்போல் இன்னொருவர் உலகில் உண்டு என்பதே கைப்பேசியின் சிறு வெளிச்சத்தில் நள்ளிரவில் தெரியவரும் செய்தியாக இருக்கும். காலையில் அவன் தாய் கேழ்வரகுக் கூழ் ஊற்றிக் கொடுக்கும்போது, எதிர்வீட்டில் நடந்த கல்யாணத்தைப் பற்றி அவள் பேசிக்கொண்டே போவதைக் கேட்டுக்கொண்டு அவன் குனிந்தபடி குடிப்பான்.

தன்பாலீர்ப்பாளர் ஒருவரையும் தாம் கண்டதில்லை என்று சத்தியம் செய்யும் அந்த நடுவயதுக்காரர் நிச்சயமாகப் பலரைக் கண்டிருக்கிறார். பக்கத்து இருக்கையில் அவர்களோடு பயணம் செய்திருக்கிறார். அவர்கள் நகர்ந்து கொடுத்த இடத்தில் அமர்ந்திருக்கிறார். அப்போதெல்லாம் அவர் உமிழ்நீர் அமைதியாகவே இருந்தது.

வெள்ளிமலை வண்டி புறப்படுகிறது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையின் ஓரமாய் வளைந்து, மலைப்பாதையில் ஏறும்போது சன்னல் வழியே குளிர்காற்று நுழையத் தொடங்கும். மூன்றாம் வரிசையில் ஒருவன் தோள்மேல் மற்றொருவன் தலை சாய்த்து உறங்குகிறான். நடத்துநர் வந்து நிற்கிறார். விழித்திருப்பவன் உறங்குபவனை எழுப்பாமல் மெல்லக் கையை விடுவித்துச் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுக்கிறான். இரண்டு சீட்டு கிழித்துக் கொடுத்துவிட்டு அவர் அடுத்த வரிசைக்குப் போகிறார்.